ராஜு வீடு திரும்பினான்

முந்நூறு சொல்லுக்குள் எழுத வேண்டும். ஒரு சொல் கூடினாலும் திரையில் பெட்டியின் ஓரம் சிவந்துவிடும். இப்போது சிவப்பும் இல்லை, சொல்லும் இல்லை. மூலையில் பூஜ்யம் என்று காட்டுகிறது, அதைத்தான் பத்து நிமிஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணி இரண்டு பத்து. நாலரைக்கு மூடிவிடுவார்கள். நிதி தருகிறவர்களின் நாட்டில் அப்போது நண்பகல் பன்னிரண்டு, அங்கே எங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கிற இங்கிரிட் சாப்பிடப் போவாள், இணையத்தில் விண்ணப்பம் வாங்கும் பக்கம் அந்த நொடியில் தானாகச் சாத்திக்கொள்ளும். ஒரு நிமிஷம் பிந்தினால் தென் மாவட்டங்களில் விசாரணைக் கைதிகளுக்கு நீதி கிடைப்பதில் அவர்களுக்கு இருக்கிற அக்கறை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய்விடும். முப்பத்தெட்டுப் பெட்டியில் முப்பத்தேழை நிரப்பிவிட்டேன். குற்றவியல் நீதித்துறையில் சீர்திருத்தம் ஏன் வேண்டும் என்று எழுதினேன், எங்களை விட்டால் அதைச் செய்ய ஆளில்லை என்று எழுதினேன், மூன்று வருஷம் கழித்துச் சிறைகள் எப்படி இருக்கும் என்பதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி எழுதினேன். பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. ஹெப்சிபா எழுதினால் நிதி கிடைக்கும் என்று பாளையங்கோட்டையில் தொண்டு நிறுவனங்களின் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு, கேட்கும்போது உள்ளூரக் குளிரத்தான் செய்யும். மிச்சம் ஒரே ஒரு பெட்டி. 'உங்கள் சென்ற அறிக்கையில் ராஜுவின் கதை எங்களை மிகவும் நெகிழவைத்தது. அவர் இப்போது எப்படி இருக்கிறார்? வீட்டில் அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது?' இது எல்லா விண்ணப்பத்திலும் வருகிற கேள்வி இல்லை. எங்களுக்கென்று இங்கிரிட் தனியாகச் சேர்த்திருக்கிறாள். நல்ல பெண். போன வருஷம் வந்தபோது அலுவலகம் கூட்டுகிற அம்மாவின் பெயரையும் கேட்டு, எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொண்டு போனாள். அன்பாகத்தான் கேட்கிறாள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டில் அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜுவின் அக்கா உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கேட்டால் தெரியும், எழுந்து போய்க் கேட்கலாம், கேட்கிற முகம்தான் எனக்கு இல்லை.

ராஜு என்று யாரும் கிடையாது. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், யாரிடமாவது. அவன் பெயர் ஊய்க்காட்டான். பயனாளியின் பாதுகாப்புக்காகப் பெயரை மாற்றி எழுத வேண்டும் என்று விதி, நல்ல விதிதான், அதனால் ராஜு என்று வைத்தேன். நிதி தருகிறவர்கள் வாயில் நுழைய வேண்டுமே என்கிற எண்ணமும் கூட இருந்தது. அப்புறம் என்ன ஆயிற்று என்றால், ராஜு விடுதலையாகி வீட்டுக்குப் போய்விட்டான், ஊய்க்காட்டான் மத்திய சிறையில் இருக்கிறான். ஜாமீன் கிடைத்து எட்டு மாசமாக இருக்கிறான். தண்டனை கிடைத்து இல்லை, ஜாமீன் கிடைத்து. யாரோ ஒருவர் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் காணாமல் போனது, பொங்கலுக்கு முந்தின வாரம் இவனைப் பிடித்தார்கள். எடுத்தானா எடுக்கவில்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது, விசாரணையே தொடங்கவில்லை. மார்ச் பத்தொன்பதாம் தேதி ஜாமீன் உத்தரவு வந்தது. இரண்டு பேர் ஜாமீன்தாரராக வந்து கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு பேரிடமும் அவரவர் பெயரில் வீட்டு வரி ரசீது இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அந்தக் குடும்பம் குளத்துப் புறம்போக்கில் குடியிருக்கிறது. வீட்டுக்கு எண் கிடையாது, எண் இல்லாத வீட்டுக்கு வரி கிடையாது, வரி இல்லாவிட்டால் ரசீது எங்கிருந்து வரும்? அந்த வரிசையில் இருபது வீடும் அப்படித்தான். ஊருக்குள் வீட்டு வரி கட்டுகிறவர்கள் கிணறும் மோட்டாரும் வைத்திருக்கிறவர்கள். மோட்டார் திருடன் என்று பேர் வாங்கினவனுக்கு அவர்களா வந்து கையெழுத்துப் போடுவார்கள்? என்ன அழகான ஏற்பாடு. சாவியைக் கொடுத்தாயிற்று, பூட்டு வேறு ஊரில் இருக்கிறது. அந்த ஊரில் உனக்கு வீடு இருந்தால் திறந்துகொள்ளலாம். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு, இதே ஆத்திரத்தை நாலாம் பெட்டியில் எவ்வளவு அடக்கமாக, எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் என்று பார்த்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. 'ஏழைகளுக்கு எட்டாத பிணை நிபந்தனைகள்' என்று தலைப்பு. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு ஒரு மனு போட்டால் போதும், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு என்று அதே பெட்டியில் விளக்கியும் இருக்கிறேன். ஒரு மனு. ஒன்றரைப் பக்கம். அதை ஊய்க்காட்டானுக்கு யாரும் போடவில்லை. நாங்கள் போடவில்லை.

போட வேண்டிய வக்கீல் தளவாய். திட்டத்துக்கென்று வைத்திருந்த ஆள், கெட்டிக்காரர். திட்டம் மார்ச் முப்பத்தொன்றில் முடிந்தது, அவர் வேலையும் அன்றே முடிந்தது. பன்னிரண்டு நாள் இருந்ததே என்றால், அந்தப் பன்னிரண்டு நாளும் அவரை உட்காரவைத்து அறிக்கைக்குப் புள்ளிவிவரம் எடுக்கச் சொன்னது நான்தான். முடிவறிக்கை என்றால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது, வெளியாட்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்: நாளைக்கு நடக்கப்போவதை நேற்றே நடந்துவிட்டதாக எழுதிவிடுவோம். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை. கெடு முந்திக்கொள்ளும், காரியம் பிந்திக்கொள்ளும், நாம் நடுவில் நின்று ஒரு வினைச்சொல்லை மாற்றிவிடுவோம். பயிற்சி ஏப்ரல் நாலாம் தேதி நடக்க இருக்கும், 'பயிற்சி நடத்தப்பட்டது' என்று மார்ச்சில் எழுதியாயிற்று. நாலாம் தேதி நடந்தும் விடும், யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. அப்படித்தான் எழுதினேன். உத்தரவு வந்துவிட்டது, இரண்டு மூன்று நாளில் எப்படியும் வெளியே வந்துவிடுவான், வராமல் எங்கே போவான்? ராஜு வீடு திரும்பினான். அதிகாலையில் எழுந்து வேலைக்குப் போகிறான். மாலையில் அக்காவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான். அவன் முகத்தில் இப்போது ஒரு வெட்கம் கலந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பை எங்கே பார்த்தேன் நான்? அவனையே பார்த்தது கிடையாது. ஒரு தடவைகூட. அவனைப் பார்த்தவர் தளவாய், அதுவும் கம்பிவலைக்கு அந்தப் பக்கம். பாடம் சொல்லிக்கொடுக்கிறானாம். அவன் அக்கா முப்பிடாதிக்குப் பிள்ளைகள் உண்டா என்றுகூட அன்று நான் கேட்கவில்லை. புகைப்படத்துக்கு மட்டும் வரச்சொன்னோம். முகம் தெரியக்கூடாது என்பது இன்னொரு விதி, அதனால் உத்தரவின் நகலைப் பிடித்துக்கொண்டிருக்கிற அவள் கைகளை மட்டும் எடுத்தோம், பச்சைக் கண்ணாடி வளையல், ஒரு நகத்தில் சூளை மண். அட்டைப்படம் அதுதான். அட்டவணையிலும் இதே கதை: ஜாமீன் உத்தரவு கிடைத்தவர்கள் என்று தனிக் கட்டம் அவர்களுடைய படிவத்தில் இல்லை, 'விடுதலையானவர்கள்' என்று ஒரே கட்டம், நாற்பத்தொரு உத்தரவு கையில் இருந்தது, நாற்பத்தொன்று என்று போட்டேன். டீ குடித்துக்கொண்டே போட்டேன்.

மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிற சத்தம். முப்பிடாதி பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தவள், சேலையின் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டியிருக்கிறது, காற்றாடிக்கு நேரே நாற்காலியைப் போடச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டாள். அவள் வருவது இது முதல் தடவையும் இல்லை. ஜூன் மாசம் வந்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இல்லை, அப்போதே தெரிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும், சரியாகச் சொல்ல வேண்டும். "யக்கா, தம்பி இன்னும் வரலியே" என்று அந்த வாசலில் நின்று சொன்னாள். உட்காரவைத்தேன், தண்ணீர் கொடுத்தேன், "புது புராஜக்ட் வந்ததும் முதல் வேலை உன் தம்பி வேலைதான்" என்றேன். சரிக்கா என்று போனாள். ஆகஸ்டில் வந்தாள். அதையே சொன்னேன். அதையே என்றால் அதே வார்த்தைகளை, ஒரு சொல் மாறாமல். எதிரே உட்கார்ந்து மூன்று மணி நேரம் செலவழித்தால் முடிகிற மனுவுக்கு, மூன்று வருஷத் திட்டம் வரட்டும் என்று ஒரு மனுஷியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இரண்டு தடவை. இதை யாராவது போலீஸ்காரர் செய்திருந்தால் கருத்தரங்கில் எழுந்து நின்று கிழித்திருப்பேன். மைக்கைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். அலட்சியம், மெத்தனம், அதிகார மமதை, எல்லாச் சொல்லும் என்னிடம் தயாராக இருக்கிறது, எல்லாம் அடுத்தவர்களுக்காக வாங்கிவைத்த சொற்கள். வீட்டில் அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது. இங்கிரிட், உன் கேள்விக்குப் பதில் வேண்டுமானால், காலை ஆறு மணிக்குக் கைதிகள் கணக்கெடுப்பு. அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். இனிமேல் பொறுக்க முடியாது என்று எழுந்து வந்தவள் முகம் இல்லை அது, ஏதோ நல்ல சேதி வைத்திருக்கிற முகம், அதுதான் இன்னும் சங்கடம். கையில் ஜவுளிக்கடைக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் உத்தரவின் நகல், மடித்த இடமெல்லாம் வெள்ளை விழுந்து ஒட்டுப்போட்டிருந்தது. "யக்கா, ஒரு ஆளு கெடச்சிட்டாவ" என்றாள். அவள் வேலை பார்க்கிற செங்கல் சூளையில் லோடு ஏற்ற வருகிற லாரி டிரைவர், கோயில்பிச்சை என்று பெயர், அவர் பெயரிலேயே வீடு, ரசீது இருக்கிறது. "நாலு மாசமா அவ்வோ கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன். நேத்துதான் சரின்னாவ. இப்ப கோர்ட்டுலதான் நிக்காவ. நாளைக்கு கேரளாவுக்கு லோடு போறாவளாம், வர பதினஞ்சு நாளு ஆவுமாம். அதுக்குள்ள அவ்வோ வீட்டுக்காரி மனச மாத்திருவாக்கா." தளவாய் வக்கீலையும் போன வாரம் கோர்ட்டு வாசலில் பிடித்துப் பேசியிருக்கிறாள், காசு வேண்டாம், நானே வந்து நிற்கிறேன் என்று அவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார். திட்டம் இல்லை, இயக்குநர் இல்லை, முப்பத்தெட்டுப் பெட்டி இல்லை; சூளையில் கல் சுமக்கிற ஒருத்தி எட்டு மாசத்தில் ஒரு வக்கீலையும் ஒரு ஜாமீன்தாரரையும் பிடித்துவிட்டாள். "இன்னொரு ஆளுதான் வேணும்க்கா. நாலு மணிக்கு மேல ஜட்ஜ் ஐயா கூப்பிடுவாவளாம். ஒங்களுக்குத் தெரிஞ்சவுக யாராச்சும் இருந்தா சொல்லுங்களேன்." தெரிந்தவர்கள் யாராவது. அவள் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, மேஜையைப் பார்த்துக் கேட்டாள். நானே வருகிறேன் என்று சொல்வேனா என்று பார்க்கிறாளா, இல்லை உண்மையிலேயே அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வரவில்லையா? வந்திருக்கும். வராமல் இருக்குமா? எனக்கே வந்துவிட்டதே. "கொஞ்சம் இரு முப்பிடாதி, யோசிக்கிறேன்" என்றேன். சரிக்கா என்று திரும்பவும் அதே நாற்காலிக்குப் போய்விட்டாள். மணி மூன்று ஐந்து.

வீடு என் பெயரில்தான் இருக்கிறது. அப்பா விட்டுப்போன வீடு. வரியும் என் பெயரில், அக்டோபரிலேயே கட்டியாயிற்று. ஆனால் எங்கள் பணியாளர் கையேட்டில் ஏழாம் பகுதி மூன்றாம் விதி: ஊழியர் எவரும் எந்தப் பயனாளிக்கும் தனிப்பட்ட முறையில் ஜாமீன்தாரராக இருக்கக் கூடாது. மீறினால் வேலை போகும். அந்த விதியை எழுதினதும் நான்தான், ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒருத்தரும் கேட்காமலே எழுதினேன். வெளியே சொன்ன காரணம் வேறு, நடுநிலைமை, தொழில்முறை என்று என்னவோ சொன்னேன். உள்ளே இருந்தது அப்பா. எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது அப்பா தாலுகா ஆபீஸில் தன்னோடு வேலை பார்த்த ஒருத்தருக்கு ஜாமீன் போட்டார், அந்த மனுஷன் மூன்றாம் வாய்தாவுக்கு வராமல் ஓடிப்போனார். அதற்குப் பிறகு நாலு வருஷம். விடிகிற நேரத்தில் வாசலில் ஏட்டு நிற்பார், "சார் இருக்காரா" என்பார், மரியாதையாகத்தான் கேட்பார், ஆனால் தெருவே கேட்கிற மாதிரி கேட்பார். அம்மா கதவைப் பாதி திறந்து பதில் சொல்வாள், முழுசாகத் திறந்தால் அவமானம் உள்ளே வந்துவிடும் என்பது மாதிரி. லீவு நாளில் அப்பா என்னையும் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார், துணைக்குத்தான் என்று நினைக்கிறேன், வராந்தாவில் டப்பாவைத் திறந்து எலுமிச்சம்பழச் சோறு சாப்பிடுவோம், பெயரைக் கூப்பிட்டதும் அவர் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடுகிற ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டை ஜப்தி பண்ணிவிடுவார்கள் என்று அந்த நாலு வருஷமும் அம்மா ஒரு சுவரில்கூட ஆணி அடிக்கவில்லை. கடைசியில் ஒன்றும் ஆகவில்லை, வீடு தப்பியது. அதே வீடு. அந்தச் சுவருக்கு வரி கட்டின ரசீதுதான் இப்போது அவளுக்கு வேண்டும். ஊய்க்காட்டான் ஓடிப்போய்விட்டால்? சிறையில் எட்டு மாசம் அநியாயமாக இருந்தவன், வெளியே வந்ததும் கண்காணாத இடத்துக்குப் போகலாம் என்றுதானே தோன்றும், எனக்கென்றால் தோன்றும். என் வீட்டுக்காரர் செல்வினிடம் என்ன சொல்வேன்? சனிக்கிழமை மத்தியானம் பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுகிற மனுஷரிடம், இனி விடிகாலையில் ஏட்டு வருவார் என்று சொல்வதா?

போன் அடிக்கிறது. கிருபாநிதி சார், எங்கள் இயக்குநர், டெல்லியில் ஒரு கருத்தரங்கின் இடைவேளையில் இருந்து பேசுகிறார், பின்னால் ஸ்பூன் சத்தம் கேட்கிறது. "என்ன ஹெப்சிபா, போட்டாச்சா? இன்னும் ஒரு பெட்டியா? என்னம்மா நீ, அதுதான் இருக்கறதுலயே ஈஸி." நான் சொன்னேன், சார், அந்தப் பையன் வெளியே வரவில்லை சார். "எந்தப் பையன்?" ராஜு சார். அப்படித்தான் சொன்னேன், என் வாயிலும் ராஜு என்றுதான் வந்தது. நிலைமையைச் சொன்னேன், அக்கா வந்திருப்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம், அந்த நிம்மதியையும் அவர் தரவில்லை. "ஒரு ஆள் ரெடியா இருக்கார்ங்கற, வக்கீலும் இருக்கார்ங்கற. அப்ப இன்னைக்கோ நாளைக்கோ வந்துடுவான்லம்மா. வந்துட்டான்னே எழுது. பொய்யா அது? ஒரு நாள் முந்தி எழுதற, அவ்வளவுதான். ஒன்பது பேர் வேலை இதுல இருக்கு, மறந்துடாத." வைத்துவிட்டார். ஒரு நாள் முந்தி. மார்ச்சில் நான் எழுதினதும் ஒரு நாள் முந்தித்தான். அந்த ஒரு நாள் எட்டு மாசமாக இன்னும் விடியவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. நான் போய்க் கையெழுத்துப் போட்டால் நாளைக் காலையில் அவன் வெளியே. வெளியே வந்துவிட்டால் ராஜு வீடு திரும்பினான் என்பது உண்மை. நான் எழுதின பொய் தானாக உண்மையாகிவிடும், யாரிடமும் எதுவும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, அறிக்கையும் சுத்தம், விண்ணப்பமும் சுத்தம், அட்டைப்படமும் சுத்தம். அப்படியானால் நான் யாருக்காகப் போகிறேன்? அப்பாவை நினைத்து அவ்வளவு நடுங்கினவள், இதை நினைத்ததும் சட்டென்று தைரியம் வந்துவிட்டதே, அது எங்கிருந்து வந்தது? சீ. எட்டு மாசம் அவன் உள்ளே கிடந்தபோது எழாத கால், பெட்டியில் எழுதுவதற்கு ஒன்று கிடைக்கும் என்றதும் எழுந்து நிற்கிறது. ஒரு நாள் மனுஷியாக இருப்பதற்கும் எனக்குப் படிவம் வேண்டியிருக்கிறது.

அப்புறம் மற்ற நாற்பது பேர். ஊய்க்காட்டானுக்கு ஒரு முப்பிடாதி இருக்கிறாள், வந்து வந்து நிற்கிறாள், அதனால் தெரிந்தது. அக்கா இல்லாதவர்கள்? பஸ்ஸுக்கு வழி இல்லாதவர்கள், நம் அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்? நாற்பத்தொன்று என்று போட்டேனே, அதில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை இவ்வளவு நேரம் ஒரு தடவைகூட எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. மணி மூன்று இருபத்தைந்து. சரி, அடிப்போம். எழுத்துகள் ஓடுகின்றன, ஆங்கிலத்தில்தான், இந்தப் பதினோரு வருஷத்தில் இவ்வளவு சின்ன வாக்கியங்களாக நான் ஆங்கிலம் எழுதினதில்லை. ராஜு வீடு திரும்பவில்லை. இன்று வரை சிறையில் இருக்கிறார். அவர் விடுதலையானதாக நான் எழுதினேன். அப்போது அவருக்கு ஜாமீன் உத்தரவு மட்டுமே கிடைத்திருந்தது. ஜாமீன்தாரர் கிடைக்காததால் எட்டு மாதமாக உள்ளே இருக்கிறார், ஜூன் முதல் இது எனக்குத் தெரியும். பாடம் சொல்லிக்கொடுப்பதும் சிரிப்பும் நான் கற்பனை செய்தவை. நாற்பத்தொன்று என்பது உத்தரவுகளின் எண்ணிக்கை. எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. கண்டுபிடித்து எழுதுகிறேன். அந்த அறிக்கையை எழுதியது எங்கள் நிறுவனம் அல்ல, நான். என் பெயரையும் போட்டேன். இன்று நானே ஜாமீன் போடப் போகிறேன் என்று அடுத்த வரியை அடித்தேன், படித்துப் பார்த்தேன், அழித்துவிட்டேன். அது வேண்டாம். அதை எழுதினால் அதுவும் ஒரு வெற்றிக் கதை ஆகிவிடும். பெட்டியின் ஓரம் சிவக்கவில்லை, முந்நூறில் எழுபதோ எண்பதோதான் ஆகியிருந்தது. சமர்ப்பி என்கிற பட்டன்மேல் அம்பு நின்றது. ஒன்பது பேர் வேலை. கூட்டுகிற அம்மாவையும் சேர்த்தால் பத்து, சார் அந்த அம்மாவை எண்ணுவதில்லை. அந்தப் பத்துப் பேரிடமும் நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும், ஊய்க்காட்டானையும்தான் எதுவும் கேட்கவில்லை. அழுத்திவிட்டேன். நன்றி, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது என்று பச்சையில் வந்தது. பொய் எழுதினாலும் இதே பச்சைதான் வந்திருக்கும்.

மாநகராட்சித் தளத்தில் வரி எண்ணைப் போட்டதும் ரசீது வந்துவிட்டது. அலுவலகப் பிரிண்டர் முனகிக்கொண்டே துப்பியது. அதன் மூடியில் நிதி கொடுத்தவர்களின் சின்னம் ஒட்டியிருக்கிறது, ஓரம் பிய்ந்துபோய். ஆதார் பையில் இருந்தது. இரண்டு போட்டோ, அதுவும் போன வருஷ விசாவுக்கு எடுத்ததில் மிச்சம் இருந்தது, அதில் நான் சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்திருந்தார்கள். கதவைத் திறந்து, "வா முப்பிடாதி, போவோம்" என்றேன். "எங்கக்கா? ஆளு கெடச்சிட்டாவளா?" என்று எழுந்தாள். ரசீதைக் காட்டினேன். அவளுக்குப் படிக்க வருமா என்று இத்தனை நாளில் எனக்குத் தெரியாது, வருகிறது, எழுத்துக்கூட்டி என் பெயரைப் படித்தாள். அழுவாள், கையைப் பிடிப்பாள், என்ன செய்வது என்று நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. "இத ஆகஸ்டுலயே செஞ்சிருக்கலாம்லாக்கா" என்றாள். சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை, மழை வருமா என்று கேட்கிற குரல். "ஜூன்லயே செஞ்சிருக்கலாம்" என்றேன். ஆமா என்று தலையை ஆட்டினாள். படியில் இறங்கும்போது அவள் முன்னால் போனாள், எனக்கும் சேர்த்துக் குடை பிடிக்கவில்லை, எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

ஆட்டோவில் சாரல் உள்ளே அடித்தது. ரசீதைச் சேலைத் தலைப்புக்குள் வைத்து அழுத்திக்கொண்டேன். கண்ணுக்குள் ஏட்டு, பாதி திறந்த கதவு, எலுமிச்சம்பழச் சோறு. தளவாய் போனில் வந்தார், கோர்ட்டு வராந்தாவின் இரைச்சலுக்குமேல் கத்தினார். "மேடம், நீங்களா? நெஜமாவா? சரி சரி, படிவத்த நான் நெரப்பிட்டு இருக்கேன், வந்ததும் கையெழுத்துதான். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், ஐயா கேப்பாரு. எதிரியப் பார்த்தா அடையாளம் தெரியுமா ஒங்களுக்கு?" எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன், கோர்ட்டுப் பாஷை. நான் முப்பிடாதியிடம், தம்பி போட்டோ இருக்கா என்று கேட்டேன். கவருக்குள் இருந்த கவருக்குள் இருந்து எடுத்தாள். காது இரண்டும் விடைத்துக்கொண்டு, யாருடைய சட்டையையோ போட்டு, கழுத்துப் பட்டன் பூட்டி, இருபத்தெட்டு இருபத்தொன்பது வயசு இருக்கும். வெட்கம் கலந்த சிரிப்பு என்று எழுதியிருந்தேன். சிரிக்கவே இல்லை. போட்டோ எடுக்கிறவனிடம் என்னமோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தான். "பாடம் கீடம் சொல்லிக்குடுப்பானா ஒன் பிள்ளைகளுக்கு?" என்றேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "எனக்கு ஏது பிள்ள?" என்றாள் முப்பிடாதி. "அவந்தான் எனக்கு இருக்கான்." போனில் தளவாய் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். "மேடம், லைன்ல இருக்கீங்களா? அடையாளம் தெரியும்னு போட்டுக்கறேன். எதிரிய எவ்வளவு காலமா தெரியும்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட? வழக்கமா அஞ்சு வருஷம், பத்து வருஷம்னு போட்டுடுவோம், யாரும் தோண்ட மாட்டாங்க. அஞ்சு வருஷம்னு போடட்டா?" இன்னொரு பெட்டி. இரண்டு சொல்லுக்குத்தான் இடம். வேண்டாம் தளவாய் என்றேன். அப்புறம் சத்தமாக, மழையில் அவருக்குக் கேட்க வேண்டும் என்று, பக்கத்தில் இருக்கிறவளுக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன்: "எட்டு மாசம்னு போடுங்க."